கல் எறிந்தவர்கள் வைத்த பெயர்

அந்த நாட்டுக்குள் நான் நுழைந்ததே ஒரு வரைபடத்தைப் பறிகொடுத்துத்தான். சுங்கத்தில் நின்ற இளைஞர் என் பெட்டியைத் திறந்து, வேட்டிகளையும் என் மனைவி கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தையும் ஒதுக்கிவிட்டு, அடியில் மடித்து வைத்திருந்த யூதேயா வனாந்தரத்தின் படத்தை வெளியே எடுத்தார். இடப்பெயர்கள் எல்லாம் எபிரெய எழுத்தில் இருந்தன. கருவாட்டின் வாடைக்குச் சுளிக்காத முகம் அந்த எழுத்தைக் கண்டதும் சுளித்தது. வேதபாடம் நடத்தப் பயன்படும் படம் என்றேன். அவர் அதை அழகாக மடித்துத் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டு, "கலாஸ்" என்றார். முடிந்தது, போகலாம் என்று அர்த்தம். கருவாட்டைத் திருப்பித் தந்துவிட்டார்.

நான் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு வேதசாஸ்திரப் பள்ளியில் எபிரெயம் சொல்லிக்கொடுப்பவன். என் மாணவர்களில் பாதிப்பேருக்கு எபிரெயம் எதற்கென்றே புரியாது. பிரசங்கத்தின் நடுவில் இரண்டு எபிரெயச் சொற்களை எடுத்துவிட்டால் சபை அசந்துபோகும் என்பதற்காகப் படிப்பார்கள். அந்தக் கோபம் எனக்கு ஏற்கெனவே உண்டு. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு நவம்பர் மாதம், வளைகுடாவில் அல் ஐன் ஊரில் இருந்த தமிழ்ச் சபை ஒன்று என்னைப் பேச அழைத்தபோது, இங்கேயாவது கேட்கும் காது இருக்காதா என்றுதான் கிளம்பினேன்.

தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: ஆகோர் பள்ளத்தாக்கு. வேதம் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எரிகோவைப் பிடித்தபோது கொள்ளைப் பொருளில் கொஞ்சத்தை ஒருவன் தன் கூடாரத்தில் ஒளித்துவைத்தான். அடுத்த போரில் ஜனங்கள் தோற்றுப்போனார்கள். யாரால் இந்தக் கேடு என்று சீட்டுப் போட்டுத் தேடி, அவனைக் கண்டுபிடித்து, பிள்ளைகுட்டிகளோடு ஒரு பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்க் கல்லெறிந்து கொன்று, மேலே கற்குவியல் போட்டார்கள். அந்த இடத்துக்கு ஆகோர் என்று பெயர் வைத்தார்கள். எபிரெயத்தில் அந்த வேர்ச்சொல்லுக்குக் கலக்குதல் என்று பொருள். தெளிந்த தண்ணீரைக் கலக்கிவிடுகிறோமே, அந்தக் கலக்கல்தான். பல தலைமுறை கழித்து ஒரு தீர்க்கதரிசி வந்து, இதே பள்ளத்தாக்கு நம்பிக்கையின் வாசலாக மாறும் என்று சொன்னான். சபைக்காரர்கள் அச்சடித்த சுவரொட்டியில் வாசல் மட்டும்தான் இருந்தது, கூடவே ஒரு பேரீச்ச மரமும்.

விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போனவர் தனராஜ், சபையின் செயலாளர். ஒரு கட்டுமானக் கம்பெனியில் கேம்ப் பாஸாக இருந்தார். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் யாருக்கு எந்த ரூம், யாருக்கு எப்போது லீவு, எந்த பஸ் எங்கே போகும் என்பதெல்லாம் அவர் கையில். நாசரேத் பக்கத்துக்காரர். பார்த்த உடனே, "தோத்திரம் அய்யா. பிரயாணத்துல ஒண்ணும் கஷ்டம் இல்லியே?" என்று என் பையைத் தோளில் வாங்கிக்கொண்டார். வரைபடத்தைப் பிடுங்கிக்கொண்டதைச் சொன்னேன். "போவட்டும் அய்யா. ஆளையே புடிச்சு வைக்காம விட்டாவளே" என்றார்.

அல் ஐன் போகும் சாலையின் இருபுறமும் மரங்கள். ஒவ்வொரு மரத்தின் காலடியிலும் ஒரு கறுப்புக் குழாய், அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எங்கள் தெருவில் பஞ்சாயத்துக் குழாய் முன்னால் குடத்தோடு பெண்கள் குடுமிப்பிடிச் சண்டை போடுவது ஞாபகம் வந்து எனக்கு எரிந்தது. பாலைவனத்தில் மரத்துக்குக் கிடைக்கிற தண்ணீர் தாமிரபரணிக் கரையில் மனுஷனுக்குக் கிடைக்கவில்லை. "இங்க எல்லாம் பிளானிங் அய்யா" என்றார் தனராஜ் பெருமையாக. திட்டம் போட்ட அரசாங்கத்துக்கே அவர்தான் யோசனை சொன்னார் என்பதுபோல இருந்தது அந்தப் பெருமை.

அவர் வீட்டில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரவு சொதி, காலையில் புட்டு, மதியம் கூட்டாஞ்சோறு. அரபு நாட்டில் வந்து இறங்கியவனுக்கு அரபு ரொட்டியைக் கண்ணில் காட்டவில்லை. கேட்டேன். "குபூஸா? அது கேம்ப்ல பயலுவ திங்கது. அய்யாவுக்கு எதுக்கு?" என்றார் அவர் மனைவி. நல்ல மனுஷி, கை நிறையப் பரிமாறுகிறவர். அந்த வீட்டில் அன்பில் ஒரு குறையும் இல்லை. பிறகு நடந்ததை நினைத்தால் அந்தச் சொதிதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

மறுநாள் வியாழக்கிழமை. எனக்கு ஒரு பள்ளத்தாக்கைக் காட்டியே தீருவது என்று தனராஜ் பிக்கப் வண்டியில் கிளப்பிக்கொண்டு போனார். புரைமி வழியாக. அது ஓமான் நாட்டுக்குச் சொந்தமான ஊர், ஆனால் அந்த நாட்களில் தெருவைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போகலாம். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைக் கடைப்பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரை விட்டு வெளியே வந்ததும் கருத்த மலைகள், அவற்றின் நடுவே கூழாங்கல்லும் சரளையுமாகக் காய்ந்து கிடந்த ஓர் ஆற்றுப்படுகை. வாதி என்று அரபியில் சொல்கிறார்கள். மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் வண்டி ஓடும். "இதுதான் அய்யா நம்ம ஆகோர். அச்சு அசலா இப்படித்தான் இருக்கும்" என்றார் தனராஜ்.

என் வாத்தியார் புத்தி சும்மா இருக்கவில்லை. இல்லவே இல்லை என்றேன். இது எபிரெயத்தில் நகல், வெள்ளம் ஓடும் படுகை. ஆகோர் நகல் அல்ல, ஏமெக். மலைகளுக்கு நடுவே அகலமாகக் கிடக்கும் தாழ்ந்த தரை. அதுவும் போக கய் என்று ஒரு சொல் உண்டு, இடுக்கான மலைவெட்டு. எபிரெயனுக்கு மூன்றும் வேறுவேறு நிலம். ஆடு மேய்த்தவன், வித்தியாசம் தெரியாவிட்டால் ஆடு செத்துப்போகும். நாம் எல்லாவற்றையும் பள்ளத்தாக்கு என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம். ஆகோர் எங்கே இருந்தது என்பதிலும் சண்டை இருக்கிறது. எரிகோவுக்கு மேற்கே இருக்கும் இடுக்கான ஓடை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பாது. சவக்கடலுக்கு மேலே, மலைமுதுகில் ஒரு வெட்டவெளி இருக்கிறது. சட்டிபோலக் குழிந்த தரை, சுற்றிலும் மேடு. ஒரு ஜனக்கூட்டமே நின்று கல்லெறிய அந்த மாதிரி இடம் வேண்டும், இடுக்கில் பத்துப் பேர்கூட நிற்க முடியாது. நான் அந்த நாட்டுக்குப் போனதே இல்லை. ஆனாலும் எறிகிற கைக்கு வீச இடம் வேண்டும் என்பது வீட்டில் இருந்தே தெரிகிற விஷயம்.

இதை நான் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டியின் பின்சக்கரம் சரளையில் புதைந்தது. தனராஜ் மிதித்த மிதியில் இன்னும் ஆழமாகப் போனது. இறங்கி நிழல் தேடினோம், இல்லை. அப்போதுதான் அவர் விஷயத்துக்கு வந்தார்.

"அய்யா, நாளைக்கு ஆகோரைப் பத்திப் பேசும்போது, அந்தக் கல்லெறி பாகத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும்."

"ஏன்?"

"நம்ம கேம்ப்ல ஒரு பையன். செல்வின்னு பேரு. அவன் ஒருத்தனால எல்லாரும் கலங்கிக் கெடக்கோம்."

கதை இதுதான். போன மாதம் சைட்டில் ஒரு விபத்து. முருகேசன் என்று ராமநாதபுரம் பக்கத்து ஆள் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். பாதுகாப்பு பெல்ட் கொடுத்திருந்தோம், அவன்தான் மாட்டிக்கொள்ளவில்லை என்று கம்பெனி சொன்னது. போலீஸ் விசாரித்தபோது எல்லோரும் அதையே சொன்னார்கள். செல்வின் மட்டும், அந்தச் சைட்டில் யாருக்கும் பெல்ட்டே கொடுத்ததில்லை என்று சொல்லிவிட்டான். சைட்டை மூடிவிட்டார்கள். கம்பெனி கோபத்தில் எல்லோருடைய கிறிஸ்துமஸ் லீவையும் நிறுத்திவிட்டது. சனிக்கிழமை போலீஸ் செல்வினை மறுபடி கூப்பிட்டிருக்கிறது.

"அன்னைக்கு அவன், 'நான் சரியாப் பாக்கல'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும் அய்யா. எல்லாரும் ஊருக்குப் போயி பிள்ளையப் பாப்பாவ. நாளைக்கு ஆராதனையில நீங்க பேசி முடிச்சதும் அவன எந்திரிச்சு நிக்கச் சொல்லுதோம். நீங்க ஜெபிச்சிருங்க. வாசல் தொறந்துரும்."

"சொல்லாவிட்டால்?"

"கம்பெனி கேன்சல் பண்ணி அனுப்பிரும். நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க."

விசா ரத்து என்பதைத்தான் கேன்சல் என்கிறார்கள். பையனும் போவான், முருகேசன் பெண்டாட்டிக்கு நியாயமும் போகும். என்னை ஊரிலிருந்து வரவழைத்துப் புட்டும் சொதியும் போட்டது கல் பொறுக்க. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்கள் கண்ணால் அந்தச் சைட்டில் பெல்ட்டைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். அவர் சக்கரத்தைப் பார்த்தார்.

தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பட்டாணியர் எங்களைக் கண்டு நிறுத்தினார். வயதானவர், மருதாணி போட்ட தாடி. சங்கிலி போட்டு எங்கள் வண்டியை வெளியே இழுத்துவிட்டு, "இந்த மாதிரி வண்டியோடு இங்கே வருவதற்கு என்ன அவசரம், பாய்?" என்று உருதுவில் கேட்டார். தனராஜ் என்னைக் காட்டி, மதகுரு, பள்ளத்தாக்கு பார்க்க வந்திருக்கிறார் என்றார். பட்டாணியர் நாலு பக்கமும் ஒரு முறை பார்த்துவிட்டு, "இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று சொல்லி லாரியில் ஏறிக்கொண்டார். அன்று முழுவதும் நான் கேட்ட ஒரே நேர்மையான பேச்சு அதுதான்.

கேம்ப்பைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். விருந்தாளியின் பிடிவாதத்தை மறுக்கத் தெரியாது எங்கள் ஆட்களுக்கு. தகரக் கேபின்கள் வரிசையாக நின்றன. நடுவில் ஒரு நீளமான சமையல் கொட்டகை. அங்கே ஒரு வழக்கம். ஒரே ஊர்ப்பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு மெஸ். ஒரு மெஸ்ஸுக்கு ஓர் அடுப்பு, ஒரு சட்டி, பூட்டுப் போட்ட ஒரு சாமான் பெட்டி. ஆளுக்கொரு நாள் சமையல். புதிதாக வந்தவனிடம் பெயரைக் கேட்பதற்கு முன்பே எந்த மெஸ் என்றுதான் கேட்பார்களாம். மெஸ்ஸிலிருந்து ஒருவனை விலக்கிவிட்டால் அந்தக் கேம்ப்பில் அவனுக்கு ஓர் அடுப்பும் கிடையாது, யாரும் அவனை அருகில் சேர்க்க மாட்டார்கள். ஊரில் சாதிக்கட்டு போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பெட்டியில் வைத்துக் கட்டி விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

செல்வினையும் இப்படி விலக்கியிருந்தார்கள். அவன் மெஸ்ஸின் மூத்தவர் யேசுதாசன். வேலையில் கொத்தனார், ஐம்பதை நெருங்கியவர், சபையில் தவறாமல் முன்வரிசையில் உட்காருகிறவராம். டின் பால் ஊற்றிக் கெட்டியாகச் சாயா போட்டு எனக்குக் கொண்டுவந்தார். "செல்வினை ஏன் விலக்கினீர்கள்?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன். "எல்லாரும் சொன்னாவ அய்யா" என்றார். யார் அந்த எல்லாரும் என்று கேட்டேன். சாயா டம்ளரை வாங்கக் கை நீட்டியபடியே நின்றார், நான் இன்னும் குடிக்கவே ஆரம்பிக்கவில்லை.

செல்வின் கொட்டகைக்கு வெளியே ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, குபூஸைத் தயிரில் முக்கித் தின்றுகொண்டிருந்தான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கை நீட்டினேன். ஒரு குபூஸைப் பாதியாகப் பிய்த்துத் தந்தான். இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ரொட்டி.

"தனராஜ் அண்ணன் அனுப்புனாவளா?" என்றான்.

"இல்லை. நானாக வந்தேன்."

"பெல்ட் உண்டுமான்னு கேட்டாவ. இல்லன்னேன். அவ்வளவுதான் அய்யா. நான் யாரையும் மாட்டிவிடச் சொல்லல. முருகேசன் விழும்போது எஞ்சட்டையப் புடிச்சான். சட்டை கிழிஞ்சிட்டு. பெல்ட் இருந்தா அவன் ஏன் எஞ்சட்டையப் புடிக்கான்?"

மிச்சக் குபூஸைத் தயிரில் முக்கினான். பிறகு, "நாளைக்கு என்ன எந்திரிச்சு நிக்கச் சொன்னா நிக்க மாட்டேன். நீங்க சொன்னாலும் நிக்க மாட்டேன்" என்றான்.

"நான் சொல்ல மாட்டேன், தம்பி. நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும். நிற்க வேண்டியது வேறு ஆட்கள்."

அவன் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். "பஸ்ல எனக்கு சீட்டு தரமாட்டாவ. நடந்தே வந்துருதேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை ஆராதனை, அங்கே வாரவிடுமுறை அன்றுதான். வாடகைக்கு எடுத்த ஒரு பெரிய வீட்டின் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். கேம்ப் பஸ்கள் வந்து வரிசையாக ஆட்களை இறக்கின. தலைவாரி, பவுடர் பூசி, ஊரில் தைத்த சட்டை போட்டு வந்திருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்தால் கோபப்படவும் மனசு வராது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வீட்டைப் பார்க்கிறவர்கள். அந்த லீவும் போயிற்று. ஆனால் அதைப் பறித்தவன் செல்வின் அல்லவே. செல்வினைத் தேடினேன், காணவில்லை. நடந்து வருகிறவன் தாமதமாகத்தானே வருவான் என்று பேச ஆரம்பித்தேன்.

பிடுங்கப்பட்ட படத்தைக் கரும்பலகையில் நானே வரைந்தேன். எரிகோ இங்கே, சவக்கடல் இங்கே, மேட்டின்மேல் இந்தக் குழிந்த வெளி. இங்கே நின்றுதான் எறிந்தார்கள். கவனியுங்கள், ஒருவர் எறிந்தார் என்று வேதத்தில் இல்லை. எல்லாரும். எல்லாரும் எறிந்தால் யாருடைய கல் பட்டது என்று தெரியாது, யாருக்கும் இரவில் தூக்கம் கெடாது. பிறகு பெயர் வைத்தார்கள். செத்தவன் கலக்கினான், அதனால் கலக்கத்தின் பள்ளத்தாக்கு. கல்லெறிந்த பள்ளத்தாக்கு என்று ஏன் வைக்கவில்லை? பெயர் வைத்தவர்கள் எறிந்தவர்கள், அதனால்தான். அன்றைக்காவது அவன் எதையோ ஒளித்தான். ஒளிக்காமல் சொன்னவனை நீங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? அடுப்பைப் பூட்டுவதும் கல்தான். பஸ்ஸில் சீட்டு இல்லை என்பதும் கல்தான். அந்த வாசல், வாசல் என்று சுவரில் ஒட்டியிருக்கிறீர்களே, அது இந்தக் கற்குவியலுக்குப் பின்னால் இருக்கிறது. குவியலைக் கையால் அள்ளி எடுக்காதவனுக்கு வாசல் கிடையாது. இப்படித்தான் பேசினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கோபமாகப் பேசியதில்லை.

கூடம் அழுதது. பின்வரிசையில் கேவல் கேட்டது. தனராஜ் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். முடிந்ததும் வரிசையில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "மனசத் தொட்டுட்டு அய்யா", "இப்படி ஒரு செய்தி கேட்டதில்ல" என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். செல்வின் எங்கே, ஒருவர் போய் வண்டியில் அழைத்து வாருங்கள் என்றேன்.

தனராஜ் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "அவன விடியுமுன்ன பிளைட்டு ஏத்தியாச்சு அய்யா. மாத்திச் சொல்ல மாட்டேன்னுட்டான். லீவுன்னு சொல்லித்தான் அனுப்பிருக்கு. திரும்பி வரமுடியாது. நானே ஏர்போர்ட்ல கொண்டுபோய் விட்டுட்டு, ஜெபம் பண்ணித்தான் அனுப்புனேன். அழுதுட்டான்."

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"கேம்ப்ல எல்லாருக்கும் தெரியும்."

எல்லோருக்கும் லீவை நிறுத்திய கம்பெனி அவன் ஒருவனுக்கு மட்டும் லீவு கொடுத்திருக்கிறது. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என் முன்னால் உட்கார்ந்து, கல்லெறிந்தவர்களைப் பற்றிக் கேட்டு அழுதிருக்கிறார்கள். நல்ல பிரசங்கம் என்று கை குலுக்கியிருக்கிறார்கள். நான் அன்றைக்குத்தான் என் தொழிலை வெறுத்தேன்.

மதியம் மட்டன் பிரியாணி, தால்ச்சா. வீட்டுக்குப் பின்னால் பாய் விரித்துப் போட்டார்கள். என் தட்டு அப்படியே இருந்தது. சாயங்காலம் எனக்கு விமானம். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. யேசுதாசன். அவரும் சாப்பிடவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அய்யா, அந்தச் சைட்ல பெல்ட் கெடையாது. நானும் மேலதான் நின்னேன். முருகேசன் செல்வின் சட்டையப் புடிச்சதையும் பாத்தேன்" என்றார் மெல்ல.

"நாளை சனிக்கிழமை. போலீஸில் போய்ச் சொல்லுங்கள்."

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு அய்யா. மூத்ததுக்கு மாப்பிள பாத்துருக்கு." சோற்றை மறுபடி பிசைந்தார். "உங்கட்ட சொல்லிரணும்னு இருந்துச்சு. இப்பம் பாரம் கொறஞ்சிட்டு. எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். கையில் இருந்த சோற்றைக்கூடத் தட்டில் போடவில்லை. முப்பது வருஷமாக ஜெபிக்கக் கேட்டவர் தலையில் கை வைத்துப் பழகிய கை, தானாக எழும்பியது. கீழே போட்டேன்.

"மாட்டேன்" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ. இன்னொரு தடவை சொன்னேன்.